மாசியில் கூட்டும் முந்திரிக்காடு

பண்ருட்டியிலிருந்து நெய்வேலி போகும் சாலையில் காடாம்புலியூரை நெருங்கினால் இரு பக்கமும் செம்மண்தான். புவியியலார் ‘கடலூர் மணற்கல்’ என்று பெயர் வைத்த பாறை சிதைந்து உண்டான மண் அது. தண்ணீரைப் பிடித்து வைக்காது. நெல்லுக்கு அது குறை. முந்திரிக்கும் பலாவுக்கும் அதுதான் வேண்டும்.

பலா மேற்குத் தொடர்ச்சி மலையின் சொந்த மரம். முந்திரியோ வந்தேறி. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்து நம் மேற்குக் கரையில் இறக்கியது. பருப்புக்கு வெளிநாட்டில் நல்ல விலை கிடைத்ததெல்லாம் வெகு காலம் கழித்துத்தான். 1920களில் அமெரிக்காவுக்குக் கப்பலேறத் தொடங்கிய பிறகு அது காசு மரமாகிவிட்டது.

குளிர் நாடுகளில் வசந்தம் வந்தால் விதை போடுவார்கள். இங்கே தை, மாசியில் யாரும் கன்று நடுவதில்லை, அது மழைக்காலத்து வேலை. மாசியில் முந்திரிக்காட்டைக் கூட்டுவார்கள். ஆமாம், வாசலைக் கூட்டுகிற மாதிரியேதான்! முந்திரியைப் பறிப்பது வழக்கமில்லை. பழுத்துத் தானாக விழுந்ததைப் பொறுக்கி, பழத்தைத் திருகிக் கொட்டையைக் கழற்றி, வெயிலில் காயப்போட வேண்டும். மரத்தடியில் சருகும் களையும் கிடந்தால் சாம்பல் நிறக் கொட்டை கண்ணில் படாது. கூட்டும்போதே மேலேயும் ஒரு கண் இருக்கும். தேயிலைக் கொசு என்ற பூச்சி இளந்தளிரிலும் பூங்கொத்திலும் சாறு உறிஞ்சினால் கொத்து முழுக்கக் கருகிவிடும்.

பலாவில் வேலை வேறு. ஒரே காம்பில் நாலைந்து பிஞ்சு தொங்கினால் ஒன்றிரண்டை நிறுத்திவிட்டு மற்றதை அறுத்துவிட வேண்டும். மனசு வராத வேலைதான். அறுத்த பலாமூசு அன்றைக்கே கறியாகிவிடும் என்பது ஒரு சமாதானம். பக்கத்துப் பாலூரில் 1905இலேயே தொடங்கிய ஆராய்ச்சிப் பண்ணை, பண்ருட்டிக்கு அருகே பணிக்கன்குப்பத்து மரமொன்றிலிருந்து தேர்ந்தெடுத்ததுதான் பாலூர்-1 பலா.

இந்த ஒழுங்கைக் கலைத்தது ‘தானே’ புயல். 2011 டிசம்பர் 30 காலை, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. முந்திரி பூவெடுக்கும் தறுவாய். தலைமுறை கண்ட மரங்கள் வேரோடு சாய்ந்தன. அடுத்து வந்த மாசியில் துடைப்பத்துக்கு வேலையில்லை, ரம்பத்துக்குத்தான் வேலை.

அதன்பின் வந்தவை ஒட்டுக்கன்றுகள். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ.-3 போன்ற ரகங்கள் மூன்றாம் வருஷமே காய்க்கும். ஆனால் முதல் இரண்டு வருஷம் வருகிற பூவை இரக்கமில்லாமல் கிள்ளிவிட வேண்டும். ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதையும் விடக்கூடாது. கொட்டை போட்டு மரம் வளர்த்த தாத்தாக்கள் அறியாத மாசி வேலை இது. பலாவை விதை போட்டு வளர்த்தவர்களோ ஏழெட்டு வருஷம் காத்திருக்க வேண்டும். அதுவரை இடைவெளியில் விதைத்த மல்லாட்டையும் (நிலக்கடலை) உளுந்தும்தான் கைச்செலவுக்கு.