காத்திருந்த வலையும் துரத்திய வலையும்

கடலும் கடல் சார்ந்த நிலமும் நெய்தல் எனப் பகுத்துரைத்த தமிழ் மரபு, மீன்பிடித்தலைத் தனித்ததொரு வாழ்க்கை முறையாகவே கண்டது. கடலை நம்பி வாழ்வோர் காற்றையும் நீரோட்டத்தையும் நிலவையும் அறிந்து நடத்தல் வேண்டும். இவ்வறிவு எல்லாக் கடற்கரை மக்களுக்கும் பொதுவானது. மலேசியத் தீபகற்பத்தின் கரையோர மீனவரும் இதனைத் தலைமுறை தலைமுறையாகப் போற்றி வந்தனர்.

ஆயினும், இந்நாட்டின் வரலாறு என்றவுடன் ஈயச் சுரங்கமும் ரப்பர்த் தோட்டமுமே நம் மாணவர் நினைவுக்கு வருகின்றன. கரையோரக் கடலின் வரலாறு பாடநூல்களில் சில வரிகளோடு முடிந்துவிடுகிறது. ஒரே தலைமுறைக் காலத்தில் அக்கடல் பெரியதொரு மாற்றத்தைக் கண்டது. அம்மாற்றம் உயிர்ப்பலியையும் கொண்டது. அஃது ஏன் நிகழ்ந்தது என்பதை அறிதல் வரலாறு பயில்வோருக்குப் பெரும்பயன் தரும்.

இரு கரைகள்

தீபகற்பத்தின் இரு கரைகளும் தன்மையில் வேறுபட்டவை. மேற்கே மலாக்கா நீரிணை. அதற்கப்பால் சுமத்ரா தீவு அரணாக நிற்கிறது. ஆகவே, அங்குப் பெரும்பாலான நாட்களில் கடல் அமைதியாக இருக்கும். விடியற்காலையில் திடீரென எழும் 'சுமத்ரா' புயற்காற்று மட்டுமே மீனவரை அச்சுறுத்துவது. கரை சேற்று நிலம். ஆற்று முகங்கள்தோறும் அலையாத்திக் காடுகள் அடர்ந்தவை. இறாலும் நண்டும், 'சியாக்காப்' எனப்படும் கொடுவாவும், கெளுத்தியும் திருக்கையும் இந்நீருக்கு உரியவை.

கிழக்குக் கரையோ தென்சீனக் கடலை நேரே நோக்கியது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசுங்கால் சிறு படகுகள் கடலில் இறங்குவதில்லை. மீனவர் வலைகளைச் செப்பனிட்டும் வேறு தொழில் பார்த்தும் நாட்களைக் கழிப்பர். காற்று ஓய்ந்தபின், மணற்கரையும் பவளப்பாறைகளும் கொண்ட அக்கடல், கெம்போங் மீன், தெங்கிரி, பாரை, நெத்திலி ஆகியவற்றை வாரி வழங்கும். ஆண்டுதோறும் சில திங்கள் கடலுக்கு ஓய்வு கிடைத்தது. அவ்வோய்வை அளித்தது சட்டமன்று, இயற்கையே அளித்தது.

காத்திருந்த கருவிகள்

பழைய மீன்பிடிக் கருவிகளுள் பல, மீனைத் தேடிச் செல்லாதவை. மீன் வரும்வரை காத்திருந்தவை. அவற்றுள் தலையாயது கேலோங். ஜொகூர், சிங்கப்பூர்க் கடற்பகுதிகளில் மிகுதியாகக் காணப்பட்ட இது, நிபோங் பனைமரத் தண்டுகளைக் கடலடியில் ஊன்றி அமைக்கப்படுவது. நீரோட்டத்தோடு வரும் மீன்கள் நீண்டதொரு வேலியை எதிர்கொள்ளும். வேலியை ஒட்டி ஆழமான பக்கம் திரும்பும் அவை, ஒன்றைவிட ஒன்று குறுகிய அறைகளுள் நுழைந்து, இறுதி அறையை அடையும். மலாய்க்காரர் அவ்வறையைப் 'புனோஹான்', அதாவது கொலைக்கூடம் என்று அழைத்தனர். நிலவற்ற இரவுகளில் அங்கு விளக்கைத் தொங்கவிட்டு, அடியில் விரித்த வலையை மேலே இழுத்து மீனை அள்ளுவர். பினாங்கு, பேராக் கரையில் வழங்கிய 'ஜெர்மால்' என்னும் கருவியும் இத்தகையதே. நீரோட்டத்தை எதிர்நோக்கி இரு சிறகுகளென விரிந்த வேலிகளின் நடுவே அதன் வலை காத்திருக்கும்.

கிழக்குக் கரையில் மற்றொரு முறை இருந்தது. தென்னை ஓலைகளைக் கயிற்றில் கட்டிக் கடலில் நங்கூரமிட்டு வைப்பர். அந்நிழலில் மீன்கள் கூடும். மீன்பிடிக் குழுவின் தலைவர் நீரில் மூழ்கி, மீன்கள் எழுப்பும் ஒலியைக் காதால் கேட்டே, கூட்டத்தின் வகையையும் அளவையும் மதிப்பிடுவார். அவருக்கு 'ஜுரு சிலாம்' என்று பெயர். மானிடவியல் அறிஞர் ரேமண்ட் பர்த் 1939, 1940 ஆம் ஆண்டுகளில் கிளந்தானின் கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் தங்கி இவ்வாழ்க்கையை ஆராய்ந்தார். 1946 இல் அவர் வெளியிட்ட மலாய் மீனவர் பற்றிய நூல், எழுத்தறிவு குறைந்த அம்மக்களிடம் எத்துணை நுட்பமான பொருளியலும் கடலறிவும் இருந்தன என்பதை உலகுக்கு உணர்த்தியது.

இக்கருவிகளில் ஓர் உண்மை பொதிந்துள்ளது. கேலோங் இடம்பெயராது. மரத்தண்டு எட்டாத ஆழத்திற்கு அது செல்லவும் இயலாது. தப்பிய மீனை அது துரத்துவதில்லை. தூண்டில்காரரின் நிலையும் அதுவே. அவர் ஒவ்வொன்றாகவே மீனைப் பிடிக்கிறார். 'இவ்வளவே பிடி' என்னும் வரம்பு எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. அது கருவிக்குள்ளேயே அமைந்திருந்தது.

விசையும் நைலானும்

ஆங்கிலேயர் ஆட்சி மீன்வளத்தில் கருத்தைச் செலுத்தியது சற்றுக் காலந்தாழ்ந்தே. 1921 இல் மேக்ஸ்வெல் என்னும் அதிகாரி மலாயா மீன்கள் குறித்து விரிவானதொரு கட்டுரை வெளியிட்டார். ஆஸ்திரேலிய இயற்கையியலார் டேவிட் ஸ்டெட் அழைக்கப்பட்டு, 1923 இல் மலாயா மீன்பிடித் தொழிலைப் பற்றிய அறிக்கையை அளித்தார். தோட்டங்களும் சுரங்கங்களும் பெருகிய காலம் அது. உழைக்கும் மக்களுக்கு மலிவான உணவு தேவைப்பட்டது. ரப்பர்த் தோட்டங்களில் பால் மரம் வெட்டிய தமிழர் குடும்பங்களின் அடுப்படிக்குக் கரையோர மீன் கருவாடாகவே வந்து சேர்ந்தது. கடலையே காணாத தோட்டத்துச் சிறுவனும் அக்கடலின் விளைவை உண்டே வளர்ந்தான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் இரண்டு புதுமைகள் வந்தன. ஒன்று, படகிற்கு விசைப்பொறி. மற்றொன்று, நைலான் வலை. பருத்தி வலையை அடிக்கடி சாயமிட்டு உலர்த்த வேண்டியிருந்தது. நைலானுக்கு அத்தொல்லை இல்லை. காற்றையும் துடுப்பையும் நம்பிய மீனவர் விரைந்து சென்று விரைந்து திரும்பினர். இவ்விரண்டும் அவருடைய சுமையைக் குறைத்தன என்பதில் ஐயமில்லை.

அடுத்து வந்ததே இழுவலை. மலாய் மொழியில் 'புக்காட் துண்டா' எனப்படும் இது, கடலடியைத் துடைப்பம்போல் வாரிச் செல்வது. அண்டை நாடான தாய்லாந்தில் 1960 களின் தொடக்கத்தில் செர்மானியத் தொழில்நுட்ப உதவியுடன் இது பரவியது. தாய்லாந்து வளைகுடாவில் 1961 இல் சோதனைக் கப்பல் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 300 கிலோ மீன் பிடித்தது. இருபது ஆண்டுகளில் அவ்வளவு நான்கில் ஒரு பங்கிற்கும் கீழே இறங்கியது. அவ்வீழ்ச்சி முழுமையாகத் தெரியவரும் முன்பே இழுவலை மலாக்கா நீரிணைக்குள் நுழைந்துவிட்டது.

இழுவலை நன்மை செய்யவில்லை என்று கூறுதல் முறையன்று. வளர்ந்து வந்த நகரங்களின் சந்தைகளுக்கு அது மீனைக் குவித்தது. படகுகளில் கூலிக்கு உழைத்தோரும் ஏழைகளே. ஆனால், இறால் மிகுதியாக வாழ்வது கரையை ஒட்டிய ஆழமற்ற நீரில். ஆகவே, இழுவைப் படகுகள் கரையை நோக்கியே வந்தன. சிறு மீனவர் விரித்த வலைகளை அவை அறுத்துச் சென்றன. வலையில் சிக்கியவற்றுள் பெரும்பகுதி, வளராத குஞ்சுகளும் விலைபோகாச் சிறு மீன்களும். அவை வாத்துத் தீனிக்கும் எருவுக்கும் சென்றன. அவற்றிற்கு வழங்கிய பெயரே 'ஈக்கான் பாஜா', அதாவது எரு மீன். நாளை வலையில் விழவேண்டிய மீன் இன்றே எருவாயிற்று.

குருதி படிந்த கடல்

இதன் விளைவு பூசலாக வெடித்தது. 1964 முதல் 1976 வரையிலான காலத்தில் மேற்குக் கரையில் 400-க்கும் மேற்பட்ட மோதல்கள் நிகழ்ந்தன. படகுகள் மூழ்கடிக்கப்பட்டன; சில தீக்கிரையாயின. 30-க்கும் மேற்பட்ட மீனவர் உயிரிழந்தனர். இதனை இனப்பூசல் என்று கருதுவோர் உளர். அது முழு உண்மையன்று. பாதிக்கப்பட்ட சிறு மீனவருள் மலாய்க்காரரும் இருந்தனர், சீனரும் இருந்தனர். மோதிக்கொண்டவை இரு கருவிகள். அவற்றின் பின்னே, காத்திருக்கும் வாழ்க்கையும் துரத்தும் வாழ்க்கையும்.

அரசு சட்டத்தின் துணையை நாடியது. 1963 ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின் கீழ் 1967 இல் விதிகள் வகுக்கப்பட்டன. சிறு மீனவர் நலன் கருதி 1971 இல் மலேசிய மீன் மேம்பாட்டு வாரியம் அமைந்தது. நீரிணையின் மறுகரையில் இந்தோனேசியா 1980 இல் அதிபர் ஆணையால் இழுவலையைத் தடை செய்தது. மலேசியாவோ தடை செய்யாமல் கடலைப் பங்கிட்டது. 1981 இல் வந்த முறைப்படி, கரையிலிருந்து முதல் 5 கடல் மைல் மரபுவழிக் கருவிகளுக்கு ஒதுக்கப்பட்டது. 5 முதல் 12 கடல் மைல் வரை 40 டன்னுக்குக் குறைந்த இழுவைப் படகுகளுக்கு. அதற்கப்பால் பெரிய படகுகளுக்கு. 1985 ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் இவ்வமைப்பை மேலும் உறுதிப்படுத்தியது.

இங்கே ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். முன்பு கருவிக்குள் இருந்த வரம்பு, இப்போது வரைபடத்தில் கோடாக வந்தது. நிபோங் தண்டின் நீளம் செய்த வேலையைச் சட்டத்தின் மைல்கணக்கு செய்ய நேர்ந்தது. ஆனால், கடல்மேல் கோடு கிழிக்க முடியாது. தண்டைக் காவல் காக்க வேண்டியதில்லை. கோட்டை இரவும் பகலும் காவல் காக்க வேண்டும். காவல் தளர்ந்த இரவில் கோடும் மறையும்.

மீன் பிறக்கும் இடம்

வரம்பு மட்டும் போதாது என்பதையும் காலம் கற்பித்தது. மீனுக்குத் தொட்டில் வேண்டும். பேராக்கின் மாத்தாங் அலையாத்திக் காடு, ஏறத்தாழ 40,000 எக்டர் பரப்புடையது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதலே திட்டமிட்டு மரம் வெட்டியும் மீண்டும் நட்டும் அது காக்கப்பட்டு வருகிறது. இறாலும் மீன் குஞ்சுகளும் அதன் வேர்களிடையே வளர்கின்றன. கடலடியில் மீனுக்குப் புகலிடம் அமைக்கும் முயற்சியும் நடந்தது. 1975 இல் கெடாவின் தெலோர் தீவை ஒட்டிப் பழைய வாகனச் சக்கர உறைகளைக் கொண்டு செயற்கைப் பாறை அமைக்கப்பட்டது. 1994 இல் பல தீவுகளைச் சூழ்ந்த 2 கடல் மைல் நீர் கடற்பூங்காவாக அறிவிக்கப்பட்டு, அங்கு மீன்பிடித்தல் தடுக்கப்பட்டது.

பிழைப்புக்காக அன்றிப் பொழுதுபோக்காகத் தூண்டிலிடுவோரும் இன்று பலர். எஞ்சிய கேலோங்குகள் சிலவற்றில் இரவு தங்கி அவர்கள் மீன்பிடிக்கின்றனர். பகாங்கின் ரொம்பின் கடலில் நெத்திலிக் கூட்டத்தைத் தேடி வரும் மயில்மீனைத் தூண்டிலில் பிடித்து, மீண்டும் கடலில் விட்டுவிடும் வழக்கமும் வேரூன்றியுள்ளது. அவர்களும் பழைய மீனவர் பார்த்த அதே நிலவையும் நீரேற்றத்தையுமே பார்க்கின்றனர். பவளப்பாறையும் அலையாத்தியும் அழிந்தால், பிழைப்புக்கு மீன்பிடிப்போரும் பொழுதுபோக்குக்கு மீன்பிடிப்போரும் ஒருங்கே வெறுங்கையோடு திரும்ப நேரிடும்.

கருவி வளருமுன் கட்டுப்பாடு வளரவேண்டும் என்பதே கரையோரக் கடல் நமக்கு உணர்த்தும் வரலாறு. இங்கே கருவி முந்தியது; சட்டம் பிந்தியது; இடைப்பட்ட ஆண்டுகளுக்கு உரிய விலையைக் கொடுத்தவர்கள் சிறு படகுகளில் சென்ற எளிய மக்கள். அவர்தம் பெயர்கள் பாடநூல்களில் இடம்பெறவில்லை. அவர்கள் எதற்காகப் போராடினார்கள் என்பதையேனும் நம் மாணவர் அறிந்திருத்தல் வேண்டும்.