மஞ்சள் தெரியாத மோதிரம்: ஆஸ்திரேலிய சூப்பர் ஹீரோ மறுபதிப்புகளும் அவற்றின் சேகரிப்பும்

கிரீன் லான்டர்னின் மோதிரத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. மஞ்சள் நிறப் பொருள் எதன்மீதும் அது வேலை செய்யாது. 1960களில் சிட்னியில் அச்சான கிரீன் லான்டர்ன் கதைகளிலோ மஞ்சளே கிடையாது. அட்டை தவிர எல்லாம் கறுப்பு வெள்ளை. வில்லன் எறியும் பொருள் என்ன நிறம் என்று பாத்திரங்கள் வாய்விட்டுச் சொன்னால்தான் படிக்கும் சிறுவனுக்குப் புரியும். சூப்பர்மேனின் கதியும் இதுதான். பச்சைக் கிரிப்டோனைட் அவனைக் கொல்லும், சிவப்புக் கிரிப்டோனைட் அவனை விபரீதமாக உருமாற்றும். ஆஸ்திரேலியப் பதிப்பில் இரண்டும் வெறும் கல். இப்படி நிறம் போன புத்தகங்களைத் தேடிச் சேர்க்கும் கூட்டம் ஒன்று இன்று உலகமெங்கும் இருக்கிறது. அது உருவான கதை சித்திரக்காரர்களிடமிருந்து தொடங்கவில்லை. சுங்கத் துறையிலிருந்து தொடங்குகிறது.

இரண்டாம் உலகப் போர் மூண்டதும் ஆஸ்திரேலியாவுக்கு டாலர் அரிய சரக்காகிவிட்டது. கையிருப்பைக் காக்க, ஸ்டெர்லிங் நாணய வட்டத்துக்கு வெளியிலிருந்து வரும் பொருள்களுக்கு இறக்குமதி உரிமம் கட்டாயமாக்கப்பட்டது. 1940 முதல் அமெரிக்கக் காமிக்ஸ்களும் மலிவுக் கதை இதழ்களும் வர வழியில்லாமல் போயிற்று. அதே ஆண்டின் இறுதியில் கனடாவும் போர்க்காலச் செலாவணிப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியே இதே கதவை மூடியது. அங்கே உள்ளூர் ஓவியர்கள் கறுப்பு வெள்ளையில் சொந்த நாயகர்களைப் படைத்தார்கள். அந்த இதழ்களை ஆங்கிலத்தில் ‘கனடிய வெள்ளைகள்’ என்ற பொருள்படவே அழைக்கிறார்கள். கனடாவின் தடை போரோடு முடிந்தது. ஆஸ்திரேலியாவில் 1950களின் இறுதிவரை கட்டுப்பாடு நீடித்தது. சிறுவர் தலைமுறை ஒன்று அமெரிக்க மூல இதழைக் கண்ணால் காணாமலே வளர்ந்து ஆளாவதற்கு அந்தக் காலம் போதும்.

தடை புத்தகத்துக்குத்தான், கதைக்கு அல்ல. அச்சுக்கான மூலப் பிரதியை உரிமத்தோடு வாங்கி உள்ளூர்த் தாளில் அச்சிட்டால் டாலர் செலவு மிகச் சிறியது. இந்தச் சந்தை இடைவெளியில் நுழைந்தவர் கென்னத் ஜி. மர்ரி. 1936-இல் ‘மேன்’ என்ற ஆண்களுக்கான இதழைத் தொடங்கி வெற்றி கண்டிருந்த சிட்னிப் பதிப்பாளர் அவர். 1947-இல் அவருடைய நிறுவனம் ‘சூப்பர்மேன் ஆல் கலர் காமிக்’ இதழைக் கொண்டுவந்தது. பெயரிலேயே வண்ணத்தை விளம்பரப்படுத்திய தொடர் பின்னாளில் கறுப்பு வெள்ளைக்கு இறங்கியதுதான் வேடிக்கை. நான்கு வண்ண அச்சில் கறுப்புக்கோடு தனித் தகட்டில் இருக்கும். மற்ற மூன்றையும் விட்டுவிட்டு அதை மட்டும் அச்சிட்டால் செலவு சட்டென்று குறைகிறது. மிச்சமான காசில் பக்கத்தைக் கூட்டினார்கள். நூறு பக்கத் தடிமனில் ‘செஞ்சுரி’, ‘ஹண்ட்ரட்’, ‘மைட்டி’ என்ற பெயர்களில் வந்த இதழ்களில் பேட்மேனுக்குப் பக்கத்திலேயே விண்வெளிக் கதை ஒன்றும் துப்பறியும் கதை ஒன்றும் கலந்து கிடக்கும். மூல இதழின் வரிசை எதுவும் காக்கப்படவில்லை. சில அட்டைகளை ஹார்ட் ஏமஸ் போன்ற உள்ளூர் ஓவியர்கள் திரும்ப வரைந்தார்கள். அமெரிக்க அட்டையையும் ஆஸ்திரேலிய அட்டையையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால் சூப்பர்மேனின் தாடை சற்றே வேறு மனிதருடையதாகத் தெரியும். சேகரிப்பாளர்கள் முதலில் மயங்குவது அந்தத் தாடையில்தான் என்பது என் கருத்து.

இந்த இதழ்கள் பலவற்றில் தேதி கிடையாது. விற்காமல் திரும்பிய பிரதியை மறுபடி கடைக்கு அனுப்பத் தேதி இல்லாமை வசதி. ஆய்வாளனுக்கோ அதுவே தலைவலி. இங்கே கைகொடுப்பது விலை. 1966 பிப்ரவரி 14 அன்று ஆஸ்திரேலியா பவுண்டு, ஷில்லிங், பென்ஸ் கணக்கை விட்டு டாலர், சென்ட் கணக்குக்கு மாறியது. அட்டையில் பென்ஸ் இருந்தால் அதற்கு முன், சென்ட் இருந்தால் பின். அடுத்து விளம்பரங்கள், பதிப்பகத்தின் துணைப் பெயர், உள்ளிருக்கும் கதையின் அமெரிக்க மூல ஆண்டு என்று ஒவ்வொன்றாக வைத்து நெருக்கினால் ஓராண்டுக்குள் காலத்தைக் கட்டிவிடலாம். கல்வெட்டில் எழுத்தமைதியை வைத்துக் காலம் சொல்வதற்கும் இதற்கும் முறையளவில் பெரிய வேறுபாடில்லை.

பிரிட்டனின் கதை வேறு திசையில் போனது. அங்கே எல். மில்லர் அண்ட் சன் நிறுவனம் அமெரிக்கப் பதிப்பகமான ஃபாசெட்டின் ‘கேப்டன் மார்வெல்’ கதைகளை மறுபதிப்பித்து வாழ்ந்துகொண்டிருந்தது. சூப்பர்மேனின் நகல் என்று தொடரப்பட்ட நீண்ட வழக்கின் முடிவில், 1953-இல் ஃபாசெட் அந்த நாயகனைக் கைவிட்டது. மூலம் வற்றியதும் மில்லர் காமிக்ஸ் படைப்பாளி மிக் ஆங்லோவை நாடினார். 1954 பிப்ரவரியில் மறுபதிப்பின் இடத்தில் ‘மார்வெல்மேன்’ வந்து நின்றான். பெயரும் உடையும் மாறின, கதையின் இழை அப்படியே. மறுபதிப்பு வியாபாரத்தின் இடறலிலிருந்து பிறந்த இந்த நாயகனை 1982-இல் எழுத்தாளர் ஆலன் மூர் ‘வாரியர்’ இதழில் எடுத்தாண்டு முழுக்க வேறொன்றாக்கினார் என்பது காமிக்ஸ் படிப்போர் அறிந்தது. 1959-இல் தொடங்கி முப்பது ஆண்டு நடந்த பிரிட்டிஷ் பதிப்பாளர் ஆலன் கிளாஸின் கறுப்பு வெள்ளைத் தொடர்களும் தேதியில்லாதவையே. அமெரிக்க மூல இதழ்கள் கப்பலில் எடைச்சமனுக்காகக் கட்டுக்கட்டாக வந்து இறங்கின என்று பிரிட்டனில் ஒரு கதை சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. 1959 முதல் லெஸ்டர் நகரின் தோர்ப் அண்ட் போர்ட்டர் நிறுவனம் முறையாக இறக்குமதி செய்து அட்டையில் பென்ஸ் முத்திரை குத்தி விற்றிருக்கிறது. முத்திரை பொய் சொல்லாது.

இதழோடு வந்த இணைப்புகள் தனி உலகம். பிரிட்டனில் 1972-இல் வெளியான ‘தி மைட்டி வேர்ல்ட் ஆஃப் மார்வெல்’ முதல் இதழில், சட்டையில் இஸ்திரிப்பெட்டியால் தேய்த்து ஒட்டும் ஹல்க் படம் இலவசம். 1976-இல் ‘கேப்டன் பிரிட்டன்’ முதல் இதழோடு முகமூடி தந்தார்கள். ஆஸ்திரேலியாவில் 1975, 1976 ஆகிய ஆண்டுகளில் மார்வெல் கதைகளை மறுபதிப்பித்த நியூட்டன் காமிக்ஸ் சுவரொட்டி, பரிமாறிக்கொள்ளும் அட்டை, சட்டைப் படம் என்று வாரி வழங்கியது. அதன் உரிமையாளர் மேக்ஸ்வெல் நியூட்டன் ‘தி ஆஸ்திரேலியன்’ நாளிதழின் முதல் ஆசிரியராக இருந்தவர். பொருளாதாரம் எழுதியவர் ஸ்பைடர்மேன் விற்கப் போனார். தொடர் நெடுநாள் நிற்கவில்லை. ஆனால் அதன் எச்சங்களுக்கு இன்று கிராக்கி. காரணம் எளிது. சுவரொட்டி சுவரில் ஒட்டத்தான் வந்தது, முகமூடி மாட்டத்தான் வந்தது. சொன்னபடி கேட்ட சிறுவர்கள் எல்லாம் தங்கள் பிரதியின் பிற்கால மதிப்பைக் கத்தரித்துப் போட்டார்கள். பொருளைப் பயன்படுத்தாமல் அலமாரியில் பூட்டிய யாரோ ஒரு குழந்தையின் பிரதிதான் இப்போது ‘இணைப்புடன், முழுமை’ என்ற குறிப்போடு ஏலத்துக்கு வருகிறது. அந்தக் குழந்தையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் வருத்தமே.

பிற நாடுகளை விரைவாகத் தொட்டுச் செல்லலாம். பிரேசிலில் எபால் பதிப்பகம் 1967-இல் மார்வெல் நாயகர்களை ஷெல் பெட்ரோல் நிலையங்கள் வழியாக அறிமுகம் செய்தது. மெக்சிகோவின் ‘லா பிரென்சா’ பதிப்பகம் இன்னும் துணிச்சலானது. அமெரிக்காவில் 1973-இல் ஸ்பைடர்மேனின் காதலி க்வென் ஸ்டேசி இறந்துபோக, மெக்சிகோவின் ஸ்பைடர்மேன் இதழில் அவள் உயிரோடு இருந்தாள். உள்ளூரிலேயே புதிதாக வரைந்த கதைகள் அவளை வைத்து நடந்தன. மறுபதிப்பு என்ற சொல்லையே இந்த இதழ்கள் கேள்விக்குள்ளாக்குகின்றன.

தமிழ் வாசகருக்கு இந்த அனுபவம் அந்நியமானதல்ல. 1972-இல் முத்து காமிக்ஸ் வழியே வந்த இரும்புக்கை மாயாவி, பிரிட்டனின் ‘வேலியன்ட்’ இதழில் 1962-இல் தொடங்கிய தொடர். வரைந்தவர் ஸ்பெயின்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ. பின்னர் லயன் காமிக்ஸில் அட்டகாசம் செய்த ஸ்பைடருக்குக் கதை எழுதியவர்களில் ஒருவர் ஜெர்ரி சீகல், சூப்பர்மேனை உருவாக்கிய இருவருள் ஒருவர். ஆக, சிவகாசியில் அச்சான பழைய பிரதியைத் தேடுபவர் தேடுவதும் கடல்கடந்த மறுபதிப்பே. ஒரு வேறுபாடு: அந்த பிரிட்டிஷ் மூலங்கள் பிறவியிலேயே கறுப்பு வெள்ளை. நம் மாயாவி நிறம் எதையும் இழக்கவில்லை.

சேகரிப்பு, விலைப் பட்டியலுக்குள் வந்த வரலாறும் சொல்லத் தக்கது. 1970-இல் ராபர்ட் ஓவர்ஸ்ட்ரீட்டின் விலைக் கையேடு அமெரிக்க இதழ்களுக்கு ஒழுங்கைக் கொண்டுவந்தது. வெளிநாட்டு மறுபதிப்புகள் நெடுங்காலம் அந்த ஒழுங்குக்கு வெளியே, பழைய புத்தகக் கடையின் தரைமட்டப் பெட்டிகளில் கிடந்தன. ஆஸ்திரேலியாவில் அவற்றுக்கு மதிப்புத் தேடித் தந்தவர்களில் முதன்மையானவர் ஜான் ரயன். 1979-இல் வந்த அவருடைய ‘பேனல் பை பேனல்’ அந்நாட்டுக் காமிக்ஸின் வரலாற்று நூல். அவர் திரட்டிய இதழ்கள் கான்பெராவிலுள்ள தேசிய நூலகத்தில் இருக்கின்றன. 2000-இல் சிஜிசி நிறுவனம் தொடங்கி, இதழை மதிப்பெண்ணிட்டு ஞெகிழிப் பேழைக்குள் அடைக்கும் பழக்கம் பரவியபின், வெளிநாட்டுப் பதிப்புகளும் அந்தப் பேழைக்குள் புகுந்தன. உள்ளே என்ன கதை வெட்டப்பட்டிருக்கிறது, எந்த விளம்பரம் நுழைந்திருக்கிறது என்று புரட்டிப் பார்த்தால்தான் மறுபதிப்பின் வரலாறே கிடைக்கும். பேழை அதைத்தான் தடுக்கிறது.

வெட்டல் என்றதும் ஃபேன்டம் நினைவுக்கு வருகிறார். லீ ஃபாக் 1936-இல் படைத்த அந்த முகமூடி வீரரை சிட்னியின் ஃப்ரூ பதிப்பகம் 1948 செப்டம்பர் முதல் இன்றுவரை வெளியிட்டு வருகிறது. பக்கக் கணக்குக்காகக் கதையைக் குறுக்கிய பழைய இதழ்களும் உண்டு. பின்னாளில் அவற்றை முழுமையாக்கி மறுபடி வெளியிட்டார்கள். அமெரிக்காவில் ஓரமாகப் போன இந்த நாயகர் ஆஸ்திரேலியா, ஸ்வீடன், இந்தியா ஆகிய நாடுகளில் வேரூன்றியதைக் கெவின் பேட்ரிக் 2017-இல் தனி நூலாகவே ஆராய்ந்தார். இந்திரஜால் காமிக்ஸ் 1964 முதல் நமக்குத் தந்ததும் இவரைத்தான்.

ஃப்ரூ இதழ்கள் சிட்னியோடு நிற்கவில்லை. 1975 வரை ஆஸ்திரேலிய ஆட்சியில் இருந்த பப்புவா நியூகினிக்கும் போயின. 1980களில் அங்குள்ள வாகி பள்ளத்தாக்கில் குலச்சண்டைகள் திரும்பியபோது, ஆளுயரப் போர்க்கேடயங்களில் ஃபேன்டத்தின் உருவத்தைத் தீட்டினார்கள். சாகாத மனிதன் என்ற பெயர் பெற்ற நாயகனைவிடக் கேடயத்துக்குப் பொருத்தமான படம் வேறெது? அந்தக் கேடயங்கள் இப்போது அருங்காட்சியகங்களிலும் பழங்குடிக் கலை சேகரிப்பவர்களின் வீடுகளிலும் இருக்கின்றன. சிலவற்றில் அடி வாங்கிய தழும்புகள் உண்டு.