லிந்துலைக் காடும் இறைச்சிக் கணக்கும்

இலங்கை மலையகத்தின் லிந்துலையைச் சூழ்ந்த திம்புள்ள மலைச்சரிவுகளில் 1860கள் வரை அடர்ந்த மலைக்காடு இருந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமை காட்ட முடியாத காட்டையும் தரிசையும் முடிக்குரிய நிலமாகக் கருத வழிவகுத்தது. அந்த நிலத்தை அரசு வெள்ளைக்காரத் துரைமாருக்கு விற்றது. கண்டிப் பக்கத்தில் பரவியிருந்த கோப்பி இவ்வழியே மேல்மலைக்கும் ஏறியது.

காடு வெட்டும் வேலையைப் பெரும்பாலும் சிங்களக் கிராமத்தவர்கள் ஒப்பந்தத்தில் செய்தனர். சரிவிலுள்ள மரங்களைப் பாதியளவு வெட்டி நிறுத்திவிட்டு, உச்சியிலுள்ள பெருமரங்களை முழுதாக வெட்டிச் சாய்ப்பார்கள். அவை கீழுள்ளவற்றின் மீது விழ, சரிவு முழுவதும் ஒன்றன்பின் ஒன்றாகச் சாயும். காய்ந்ததும் தீ வைப்பார்கள். அந்தச் சாம்பல் நிலத்தில் கோப்பிக் கன்று நட்டவர்கள், ஆள்சேர்க்கும் கங்காணிமார் தமிழகத்திலிருந்து அழைத்துவந்த தொழிலாளர்கள்.

காட்டழிவு என்றால் இன்று இறைச்சியும் பேசப்படுகிறது; ஆனால் இக்காட்டழிவுக்கும் இறைச்சிக்கும் தொடர்பு மிகக் குறைவு. தொழிலாளர் குடியிருந்த லயங்களின் உணவு இறக்குமதி அரிசியை நம்பியிருந்தது. இறைச்சி பெரும்பாலும் பண்டிகைக்கே கிடைத்தது. தோட்டங்களில் மாடு வளர்த்ததும் முக்கியமாகக் கோப்பிக்கு எரு வேண்டியே. மலையை மொட்டையாக்கியது ஏற்றுமதிப் பயிர்.

1869இல் கோப்பியை இலைத்துரு நோய் தாக்கியது. இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி வீழ்ந்தது. ஆனால் காடு திரும்பவில்லை. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிடத் தொடங்கிய தேயிலை அதே நிலத்தைப் பிடித்துக்கொண்டது. கொழுந்தை உலர்த்த விறகும் தேவைப்பட்டது. எஞ்சிய உயர்மலைக் காட்டைக் காப்பாற்றியது வேறொன்று: 1873இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் விடுத்த எச்சரிக்கையை அடுத்து, 5,000 அடிக்கு மேலுள்ள அரச காட்டை விற்பது தடுக்கப்பட்டது. ஏற்கெனவே விற்ற சரிவுகளை அந்தத் தடை மீட்கவில்லை.

இன்று வெப்பமண்டலக் காட்டழிவில் மாட்டிறைச்சிக்குப் பெரும் பங்குண்டு. 2005 முதல் 2013 வரையிலான அழிவில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு அதற்கெனக் கணக்கிடப்பட்டுள்ளது. அமேசானில் வெட்டிய நிலத்தின் பெரும்பகுதி மேய்ச்சல் தரையாகியது. 2050க்குள் உலகில் ஒருவர் சராசரியாக உண்ணும் மாடு, ஆடு போன்ற அசைபோடும் விலங்குகளின் இறைச்சியில் 20 சதவீதத்தை நுண்ணுயிர்களை வளர்த்துப் பெறும் புரதத்தால் ஈடுசெய்தால் ஆண்டுக் காட்டழிவு ஏறக்குறைய பாதியாகும் என்று 2022இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இலங்கையரின் இறைச்சியில் முதலிடம் கோழிக்கு. அதன் நிலத்தேவை மாட்டைவிடக் குறைவு என்றாலும், தீவனச் சோளத்துக்கும் நிலம் வேண்டும்.

ஆகவே காட்டை மேய்ச்சலும் தீவனமும் தின்னும் இடங்களில் இறைச்சியைக் குறைப்பது பயன் தரும். கோப்பி, தேயிலை, செம்பனை போன்றவற்றுக்காகக் காடு வெட்டப்படும் இடங்களில் அதனால் பெரும் பயன் இல்லை. ஒரு பொருளுக்கான தேவை குறைந்தாலும் காடு தானே மீளாது என்பதை லிந்துலையின் கோப்பி வீழ்ச்சி காட்டுகிறது. விடுபடும் நிலத்தை அடுத்த பயிர் பிடிக்காதபடி சட்டமும் கூடவே காக்க வேண்டும்.