ஆனந்த குமாரசுவாமியும் மலைநாட்டு மகரமும்

டயகமவிலும் அதனைச் சூழ்ந்த ஆக்கரப்பத்தனைத் தோட்டங்களிலும் மாசி பிறந்தால் காமன் கம்பம் ஊன்றி, ரதியாகவும் மன்மதனாகவும் வேடம் புனைந்தவர்கள் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயங்கள்தோறும் ஆடிவர, சிவபெருமானின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரியுண்டு ரதியின் பிரலாபத்தால் மீண்டும் உயிர்பெறும் கதையை விடிய விடிய நடத்தி முடிப்பது நம் இலங்கை மலைநாட்டு மக்களின் நெடுநாளைய வழக்கம். அந்த மன்மதனுக்குக் கொடி மகரம் என்பது புராணம் கேட்டவர் யாவரும் அறிந்ததே. ஆனால் முதலையின் வாயும் யானையின் துதிக்கையும் மீனின் வாலும் கொண்ட அந்த விசித்திரப் பிராணி காதற் கடவுளின் கொடியில் ஏன் ஏறியது என்ற கேள்வியைப் பெரிதாக எடுத்துக்கொண்டு, வேதம் முதல் சிற்பம் வரை துருவி விடை கண்ட அறிஞர் ஒருவர், வாலிபப் பருவத்தில் இதே மலைநாட்டில் கல் பார்க்கும் உத்தியோகத்தில் இருந்தவர் என்பதைப் பலர் அறியார்.

ஆனந்த கெந்திஷ் குமாரசுவாமி 1877ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22ஆம் நாள் கொழும்பில் பிறந்தார். தந்தையார் சர் முத்துக்குமாரசுவாமி, பொன்னம்பலம் இராமநாதனுக்கும் அருணாசலத்துக்கும் தாய்மாமன். பாலி மொழியிலுள்ள பௌத்த நூல்களை ஆங்கிலத்தில் பெயர்த்த சைவர். தாயார் எலிசபெத் கிளே பீபி என்னும் ஆங்கில மாது. தாயும் மகவும் இங்கிலாந்து சென்றிருக்க, பின்னே புறப்படவிருந்த தந்தையார் 1879ஆம் ஆண்டில் கொழும்பிலேயே காலமானார். இலையில் விழுந்த நோயால் கோப்பித் தோட்டங்கள் அழிந்து, தேயிலை அவ்விடத்தைப் பிடிக்கத் தொடங்கியிருந்த காலம் அது.

இங்கிலாந்தில் பூகர்ப்ப சாஸ்திரமும் தாவர சாஸ்திரமும் கற்றுத் தேறி, 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுக்குத் தலைவராக இருந்த குமாரசுவாமிக்கு அக்காலத்தில் வயது முப்பது கூட நிரம்பவில்லை. டயகமவுக்கு மேலே உயர்ந்து நிற்கும் ஹோர்ட்டன் சமவெளியைக் கடந்து தெற்கே இறங்கினால் வருவது பலாங்கொடைப் பிரதேசம். அப்பக்கத்து ஆற்றுப் படுகைகளில் கிடைத்த கரிய கனிப்பொருள் ஒன்றை அவர் 1904இல் கண்டெடுத்தார். தோரியம் மிகுந்த அது தோரியனைட்டு என்ற பெயருடன் விஞ்ஞான உலகில் நிலைபெற்றது. அந்த ஒன்றே ஒரு சாமானிய மனிதருக்கு ஆயுட்காலப் பெருமையாகப் போதும். ஆனால் கல்லைத் தேடிக் கண்டிச் சீமையின் கிராமங்களுக்குள் நடந்த அந்த மனிதரின் கண், கொல்லரும் தச்சரும் சித்திரகாரரும் மண்ணிலும் மரத்திலும் தந்தத்திலும் செய்துகொண்டிருந்த உருவங்களில் போய்ப் பதிந்துவிட்டது. அவருடைய துணைவியார் எதெல் அவற்றைப் புகைப்படம் எடுத்தார்; குமாரசுவாமி கைவினைஞர்களிடம் அமர்ந்து பெயரும் முறையும் கேட்டு எழுதிக்கொண்டார்.

அவ்வாறு பிறந்த ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் ஆங்கிலப் பெருநூல் 1908இல், இயந்திர உற்பத்தியை வெறுத்துக் கைவினையைப் போற்றிய ஆங்கிலேயர் வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய அச்சியந்திரத்திலேயே 425 பிரதிகள் மட்டும் அச்சாயிற்று. கழுத்தோடு கழுத்துப் பின்னிய அன்னங்கள், இருதலைப் பேருண்டப் பட்சி, விகாரை வாயில்களின் மகரதோரணம் ஆகிய விலங்குருவங்களுக்கெல்லாம் அதில் இடமுண்டு. யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் ரிஷபகுஞ்சரத்தைத் தாராசுரத்தில் கண்டு வியந்த தமிழர், அதன் உடன்பிறப்பைக் கண்டிச் சீமையிலும் காணலாம். அன்றைய ஐரோப்பிய ரசிகர்கள் இத்தகையவற்றை அலங்காரம் என்று சொல்லிக் கடந்துபோவார்கள். குமாரசுவாமிக்கோ அவை பொருள் மறைந்துபோன ஒரு பாஷையின் எழுத்துகளாகத் தோன்றின. மேற்பரப்பைக் கண்டு, அடியில் கிடக்கும் படுகையை ஊகிக்கும் பூகர்ப்பவியலாரின் பயிற்சி அவரை விட்டு அகலவேயில்லை என்றுதான் நான் கருதுகிறேன்.

1917இல் அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலைக் காட்சிச்சாலை அவரை இந்தியக் கலைப் பகுதிக்குப் பொறுப்பாளராக ஏற்றது; எஞ்சிய முப்பது ஆண்டுகளும் அங்கேயே கழிந்தன. மரத்திலும் நீரிலும் உறையும் தெய்வங்களைப் பற்றிய ‘யக்ஷர்கள்’ என்ற அவருடைய ஆராய்ச்சி 1928இலும் 1931இலும் இரு பகுதிகளாக வெளிவந்தது. மகரம் பற்றிய விசாரம் முழுமை பெறுவது இரண்டாம் பகுதியில்தான். வருணனுக்கும் கங்கைக்கும் வாகனமாகவும், கோயில்களில் அபிஷேக நீர் வழியும் வாயாகவும், வாயிலிருந்து கொடிகளையும் முத்துக்களையும் உமிழும் தோரண உருவமாகவும் வரும் மகரம், சிருஷ்டிக்கு ஆதாரமான ஜலத்தின் சின்னம் என்று அவர் நிறுவினார். மரத்தில் சாறாகவும் பிராணியில் விந்தாகவும் ஓடுவது அந்த ஜலமே. ஆகவே யக்ஷ குலத்தோடு உறவுடைய காமனுக்கு அதுவே கொடியாயிற்று. 1935இல் வெளியிட்ட கட்டுரைகளில் சர்ப்பத்தை எடுத்துக்கொண்டு, தேவரும் அசுரரும் இரு ஜாதியர் அல்லர், சட்டையுரித்த நாகமே ஆதித்தியனாகிறது என்ற பிராமண நூற்கருத்தை மறைஞானிகளின் அனுபவத்தோடு இணைத்துக் காட்டினார். அவர் பிற்காலத்து எழுத்தில் சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே வாக்கியத்தில் நெருங்கி மோதும். அடிக்குறிப்புகள் மூலத்தை விழுங்கிவிடும். பொறுமையற்ற வாசகனுக்கு அங்கே இடமில்லை.

1947இல் எழுபதாம் ஆண்டு நிறைவைக் கொண்டாடியபோது, இந்தியா திரும்பி இமயச் சாரலில் தனிமை வாழ்வு மேற்கொள்வதாக அறிவித்தார். அடுத்த மாதம் 9ஆம் நாளே உயிர் நீத்தார்.

எழுத்தறியாப் பாமரரின் கதைகளிலும் கலைகளிலும் உயர்ந்த தத்துவம் சிதையாமல் தங்கியிருக்கிறது, அதை மூடநம்பிக்கை என்று தள்ளுபவர்களே அறியாதவர் என்பது அவருடைய திடமான சித்தாந்தம். அந்தச் சித்தாந்தத்துக்குத் தோட்டத்துக் காமன் கூத்தைவிட வலிய சாட்சி வேண்டியதில்லை. எரிந்தவன் எழுவதை ஆண்டுதோறும் ஆடிக் காட்டுபவர்கள் யக்ஷர் ஆராய்ச்சியைப் படித்தவர்கள் அல்லரே! எனினும் கண்டிக் கைவினைஞரைப் பற்றிய அவருடைய நூலின் பொருள் அரசர் காலத்துச் சிற்றூரே. அவர் நடந்த நாட்களில் அம்மலைச்சரிவுகளில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த தமிழ் மக்களின் லயம் அதில் இடம்பெறவில்லை. மொரிஸைப் பின்பற்றியவராதலால் இயந்திரம் நுழைந்த இடத்தில் கலையும் தெய்வமும் நில்லா என்று கருதினார். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டத் தொடங்குமுன் கவ்வாத்துச்சாமிக்குப் படையல் வைத்த இம்மக்களோ, ஆங்கிலேயர் கொண்டுவந்து நிறுத்திய தேயிலை ஆலையின் சுழலும் சக்கரத்திலேயே ரோதைமுனி என்றொரு தெய்வத்தைக் குடியேற்றி, பூசையிட்டுப் பலியும் கொடுத்தார்கள். ஆற்றிலும் ஆலிலும் யக்ஷனைக் கண்ட அவருடைய எழுதுகோல், இரும்பில் யக்ஷனைக் கண்ட இவர்களைச் சந்தித்திருந்தால், இயந்திரத்தைப் பற்றிய அவருடைய தீர்ப்பையாவது சற்றுத் திருத்தி எழுத நேர்ந்திருக்கும்.