கண்ணாடியை ஏந்திய கல்

லிவர்பூல் நகரமன்றத்திலிருந்து மெர்சி ஆற்றை நோக்கி இறங்கும் வாட்டர் தெருவில், தன் முகட்டில் 1864 என்ற ஆண்டைத் தாங்கி நிற்கும் ஓரியல் சேம்பர்ஸ் என்ற அலுவலகக் கட்டடம், கடந்த பகுதிகளில் கண்ட துறைமுகச் செல்வத்தின் விளைவே ஆயினும், அச்செல்வம் எழுப்பிய மற்ற மாளிகைகள் எதனையும் ஒத்ததன்று. 1941ஆம் ஆண்டு ஜெர்மானியக் குண்டுவீச்சில் இதன் ஒரு பகுதி இடிந்து, உள்ளே மறைந்திருந்த இரும்புச் சட்டகம் வெளிப்பட்ட வரலாறே இந்தப் பகுதிக்கு உரியது. எனினும் அச்சட்டகத்தை நிறுத்திய பீட்டர் எல்லிஸ் யார், அவருக்கு அவர் காலம் இழைத்தது என்ன என்பவை தெரியாமல் அந்த இடிபாட்டின் பொருள் விளங்காது.

தெருப்பக்கத்தில் இருப்பது மணற்கல் முகப்பு. ஆனால் அந்தக் கல், வழக்கமான சுவரைப் போல அகன்று பரவாமல், ஒடுங்கிய நெடுந்தூண்களாகக் கூரைவரை ஏறுகிறது. தூண்களுக்கு இடையே, மாடிக்கு மாடி, ஓரியல் எனப்படும் சாளரங்கள், அதாவது தரையில் ஊன்றாமல் சுவரிலிருந்து வெளியே பிதுங்கி நிற்கும் சாளரங்கள், மிக மெல்லிய இரும்புச் சட்டங்களில் பெரிய கண்ணாடித் தகடுகளைத் தாங்கி நிற்கின்றன. மாடிகளின் பாரத்தைச் சுமப்பவை உள்ளே நிற்கும் வார்ப்பிரும்புத் தூண்களும், அவற்றின்மேல் கிடக்கும் இரும்பு உத்தரங்களும், உத்தரத்துக்கு உத்தரம் தாவும் தாழ்ந்த செங்கல் வளைவுகளுமே. தெருவில் செல்வோர் காணாத உள்முற்றத்தில் எல்லிஸ் இன்னும் துணிந்திருக்கிறார்: அங்கே கண்ணாடிச் சுவர் இரும்புத் தூண்களைத் தாண்டி வெளியே தள்ளி நிற்பதால், அது எந்தப் பாரத்தையும் சுமப்பதில்லை, வெயிலையும் மழையையும் தடுப்பது மட்டுமே அதன் வேலை. இத்தகைய சுவரைக் கட்டடக் கலைஞர்கள் திரைச்சுவர் என்பர். இருபதாம் நூற்றாண்டின் வானளாவிகள் பலவும் போர்த்திக்கொண்டது இதைத்தான்.

இதற்கு வழிவிட்டவற்றுள் வரிகளின் நீக்கத்துக்கு முக்கிய இடமுண்டு. கண்ணாடி உற்பத்திமீதான தீர்வை 1845இலும், வீட்டின் சாளரங்களை எண்ணி விதிக்கப்பட்ட வரி 1851இலும் நீக்கப்பட்டன. பெரிய கண்ணாடித் தகடு வணிகருக்கு எட்டும் பொருளாயிற்று. நெருக்கமான தெருக்களும் புகை மண்டிய வானமும் கொண்ட அந்த நகரில், கணக்கேடு எழுதும் எழுத்தருக்குப் பகல் வெளிச்சமே மூலதனம். பிதுங்கிய சாளரம் முன்புறம் மட்டுமன்றிப் பக்கவாட்டிலும் ஒளியை வாங்கி அறையின் உட்பகுதிக்கு அனுப்புகிறது. எல்லிஸின் வடிவம் விந்தைக்காகப் பிறந்ததன்று. மேசைமீது விழ வேண்டிய ஒளியிலிருந்து கணக்கிட்டுப் பிறந்தது.

அக்காலத்தின் செல்வாக்கு மிக்க கட்டடக்கலை இதழான தி பில்டர், 1866இல் இதைப் பிதுங்கிய கண்ணாடிக் குமிழ்களின் குவியல் என்று இழித்துரைத்தது. 1854இல் திறக்கப்பட்ட செயின்ட் ஜார்ஜ் மண்டபத்தின் கிரேக்க, ரோமானியத் தூண்வரிசையை அழகின் அளவுகோலாகக் கொண்டிருந்த கண்களுக்கு, சுவர் என்றால் கனக்க வேண்டும், சாளரம் என்றால் அதில் துளைத்த துளையாக இருக்க வேண்டும். எல்லிஸோ சுவரையே சாளரங்களின் கரையாகக் குறுக்கிவிட்டார். புதுமையை ஏற்காதது ரசனையின் உரிமை. ஆனால் ஒளிக்காக எழுப்பிய கட்டடத்துக்குள் ஒளி எப்படி விழுகிறது என்ற முதற்கேள்வியைப் பின்னுக்குத் தள்ளி, புறத்தோற்றத்தை ஏளனம் செய்து தீர்ப்பளித்தது மன்னிக்கத்தக்கதன்று. இந்த வரலாற்றில் தீயவர் என்று ஒருவரைச் சுட்ட வேண்டுமானால், அது குண்டு வீசிய விமானி அல்ல, அந்த விமர்சகரே.

ஏளனத்தால் மனமுடைந்து எல்லிஸ் தொழிலையே துறந்தார் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. அளவையாளராகவும் பொறியாளராகவும் அவர் தொடர்ந்து உழைத்தார் என்பதைப் பிந்தைய ஆய்வுகள் காட்டியுள்ளன. அவர் அஞ்சி ஒதுங்கவில்லை என்பதற்கு, விமர்சனம் வந்த அதே 1866ஆம் ஆண்டைச் சேர்ந்த குக் தெரு 16ஆம் எண் கட்டடமே சான்று. அதன் பின்முற்றத்தில், இரும்பும் கண்ணாடியும் சூழ்ந்த சுருள் படிக்கட்டு ஒன்று கட்டடத்தின் உடலுக்கு வெளியே தள்ளி நிற்கிறது. 1868 அளவில் அவர் ஓரியல் சேம்பர்ஸில் அமைத்த மின்தூக்கியின் முன்னோடி இன்னும் வியப்பூட்டுவது: பெட்டிகள் சங்கிலியில் தொடராகக் கோக்கப்பட்டு, நிற்காமல் ஒருபுறம் ஏறி மறுபுறம் இறங்க, ஆட்கள் ஓடும் பெட்டியிலேயே ஏறி இறங்கும் இந்த அமைப்பு, பிற்காலத்தில் பாட்டர்நாஸ்டர் என்ற பெயரில் ஐரோப்பிய அலுவலகங்களில் பரவியது.

இதே ஆண்டுகளில், அமெரிக்க உள்நாட்டுப் போரில் அட்லான்டா வீழ்ந்த 1864இல், ஜான் வெல்பார்ன் ரூட் என்ற சிறுவனை அவன் தந்தை, வடவர் கடற்படையின் முற்றுகையை மீறிச் சென்ற கப்பலில் ஏற்றி, தென்மாநிலங்களின் பருத்தியால் கொழித்து அவற்றுக்குப் பரிந்து நின்ற லிவர்பூலுக்கு அனுப்பினார். ஆற்றின் மறுகரையில் வாலஸியில் பயின்ற அந்தச் சிறுவனே, பின்னர் டேனியல் பர்ன்ஹாமுடன் சேர்ந்து சிக்காகோவின் முகத்தை மாற்றிய கட்டடக் கலைஞர். 1888இல் முடிந்த அவருடைய ரூக்கரி கட்டடத்தின் ஒளிமுற்றத்துக்குள் பிதுங்கி நிற்கும் சுருள் படிக்கட்டையும் குக் தெருப் படிக்கட்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவரால், அந்தச் சிறுவன் எல்லிஸின் வேலையைக் கண்டிருப்பான் என்று சில ஆய்வாளர்கள் கருதுவதை எளிதில் மறுக்க முடியாது. எல்லிஸ் 1884இல் காலமானார். அந்த ஆண்டில்தான் வில்லியம் லி பரன் ஜென்னியின் ஹோம் இன்சூரன்ஸ் கட்டடம், முதல் வானளாவி என்று பாடநூல்கள் கொண்டாடும் கட்டடம், சிக்காகோவில் எழத் தொடங்கியது.