முகம் இல்லாத போட்டோ

இந்த எபிசோட் ஒரு காலி இடத்தைப் பத்தி.

நான் படிச்சது ஏனாத்தூர்ல, இன்ஜினியரிங். பக்கத்துல இருக்கிற காஞ்சிபுரத்துல எங்க அப்பா சின்ன வயசுல கோர்வைத் தறியில் உதவிக்கு உட்கார்ந்தவர். கோர்வைன்னா, புடவையோட உடலையும் கரையையும் தனித்தனி நாடா ஓட்டி நெய்து கோர்க்கிறது. நெசவாளருக்குப் பக்கத்துல கரை நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேணும். பல வீடுகளில் அந்த இன்னொரு ஆள் ஒரு சின்னப் பையன்தான். அந்த வயசுல அப்பாவை யாரும் போட்டோ எடுக்கல.

எடுக்காத போட்டோவை இப்போ எப்படி எடுக்கிறது? இந்தக் கேள்விக்குப் பின்னாடி ஒரு வரலாறு இருக்கு.

1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் சென்னையில் ஒரு கலைப்பள்ளி தொடங்கினார். இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரியின் தொடக்கம் அதுதான். சில வருஷங்களிலேயே அங்கே போட்டோகிராஃபியும் சொல்லித்தந்தாங்க. ஆனா அந்தக் காலத்து அரசாங்கத்துக்குத் தேவைப்பட்டது ஆவணம். 1868 முதல் 1875 வரை 'தி பீப்பிள் ஆஃப் இந்தியா' எட்டுத் தொகுதிகளாக வந்தது. அதில் மனிதர்களை சாதி, குடி என்று வகை பிரித்துக் காட்டினார்கள். முகம் இருந்தது, அந்த முகத்தோட கதை இல்லை.

1970களில் அமெரிக்காவின் கென்டக்கி மலைப்பகுதியில், வெண்டி இவால்ட் பள்ளிப் பிள்ளைகள் கையிலேயே கேமராவைக் கொடுத்தார். உன்னை எடு, உன் குடும்பத்தை எடு, உன் கனவை எடு. கனவுக்கு ஏது முகம்? அங்கேதான் பிள்ளைகள் குறியீட்டுக்குப் போனாங்க, மனசுல இருக்கிறதைக் கண்ணுக்குத் தெரிகிற பொருளா மாத்தினாங்க. பின்னாடி குஜராத்தின் விச்சியா கிராமத்துப் பிள்ளைகளோடும் அவர் வேலை செய்தார்.

நம்ம ஊர்ல இதைச் செய்றவர் எம். பழனி குமார். மதுரையில் மீன் விற்ற அம்மாவோட மகன். 2022இல் தயாநிதா சிங்–பாரி விருது வாங்கினவர். தூய்மைப் பணியாளர், மீனவர் குடும்பப் பிள்ளைகளுக்கு கேமரா பிடிக்கச் சொல்லித்தர்றார். வெளியிலிருந்து வர்றவர் கண்ணுல படாதது, அந்த வீட்டுப் பிள்ளை கண்ணுல படும்.

இதெல்லாம் படிச்சுட்டு ஒரு ஞாயித்துக்கிழமை அப்பாவோட ஒரு பழைய தறி வீட்டுக்குப் போனேன். நெசவாளர் இடத்துக்குப் பக்கத்துல இருந்த காலி இடத்தை மட்டும் போன்ல எடுத்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நான் உட்கார்ந்தது அந்தப் பக்கம்டா."

போனை வாங்கி, குனிஞ்சு, ஒரு சின்னப் பையனோட கண் உயரத்துல வச்சு, அவரே எடுத்தார். அதுல தறி ரொம்பப் பெருசா இருந்துச்சு.

உங்களுக்கும் ஒரு ஹோம்வொர்க், மக்களே. இந்த வாரம் உங்க வாழ்க்கையை ஒரே போட்டோவுல சொல்லுங்க. அதுல உங்க முகம் வரக்கூடாது. அப்புறம் போனை வீட்டுப் பெரியவங்க கையில கொடுத்துப் பாருங்க.