மின்கிதார் ஹம்: காரணமும் கண்டறிதலும்

மின்கிதாரை ஆம்ப்ளிஃபையரில் இணைத்ததும், கம்பியை மீட்டும் முன்பே எழும் தாழ்ந்த உறுமலை இசைக்கலைஞர்கள் ஹம் என்பர். மின்விநியோகத்தின் அதிர்வெண்ணும் அதன் மடங்குகளுமே இவ்வொலி: இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ். இதற்கு 'எர்த் சரியில்லை' என்று ஒரே காரணம் சொல்லிவிடும் வழக்கம் பழுதுபார்ப்போரிடம் வேரூன்றியுள்ளது. ஆனால் ஹம் உள்ளே வரும் வழிகள் மூன்று. கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் பிக்கப்பின் சுருளில் பதியும் காந்தப்புலம் ஒன்று. கவசமற்ற வயர்களில் தொற்றும் மின்புலம் மற்றொன்று. அறுந்த இணைப்பும், கருவிகள் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் எர்த்தோடு இணைவதால் உண்டாகும் எர்த் வளையமும் மூன்றாவது. முதல் வழிக்கும் எர்த்துக்கும் தொடர்பே இல்லை.

பிக்கப்பின் வரலாறே இதற்குச் சான்று. ஜார்ஜ் போஷாம்ப் 1931இல் உருவாக்கி, பின்னர் ரிக்கன்பேக்கர் பெயரில் விற்பனைக்கு வந்த கிதார் முதல், 1954இல் ஃபெண்டர் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் வரை பெரும்பாலானவை ஒற்றைச்சுருள் பிக்கப் கொண்டவை. பல ஆயிரம் சுற்றுக் கம்பியாலான சுருளுக்கு, கிதார் கம்பியின் அதிர்வும் அருகிலுள்ள டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கசியும் புலமும் ஒன்றே. அமெரிக்காவின் கலமசூ நகரில் கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய செத் லவர், எதிரெதிர்த் துருவமும் எதிரெதிர்ச் சுற்றும் கொண்ட இரண்டு சுருள்களை இணைத்தார். கம்பியின் ஓசை இரண்டிலும் கூடியது; வெளிப்புலத்தின் ஹம் ஒன்றையொன்று அழித்துக்கொண்டது. 1955 ஜூன் 22 அன்று அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்; அது கிடைத்தது 1959 ஜூலை 28இல். இவ்வடிவமைப்பில் 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டது' (Patent Applied For) என்ற ஒட்டுச்சீட்டுடன் வெளிவந்தவையே இன்று சேகரிப்போர் பெருவிலை கொடுத்துத் தேடும் பி.ஏ.எஃப். பிக்கப்புகள். கிரெட்ச் நிறுவனத்துக்காக ஃபில்டர்ட்ரான் பிக்கப்பை வடிவமைத்த ரே பட்ஸ் 1957இல் விண்ணப்பித்து, லவருக்கு ஒரு மாதம் முன்பாகவே உரிமை பெற்றார். எனினும் முதலில் விண்ணப்பித்தவர் லவரே. இவ்விருவரும் ஹம்மை அடக்கியது சுருளின் அமைப்பை மாற்றித்தான். எர்த் வயர் எதையும் அவர்கள் சேர்க்கவில்லை.

கம்பியைத் தொட்டால் ஹம் குறைகிறதே, அது எர்த் கோளாறுதானே என்ற மறுப்பு எழும். உண்மை நேர்மாறானது. அறையின் மின்வயர்களிலிருந்து மின்புலத்தை ஏற்கும் வாசிப்பவரின் உடல், அதைக் கிதாரின் வயர்களுக்குக் கடத்துகிறது. கம்பியைத் தொட்டதும் உடல் எர்த்தோடு சேர்ந்து கவசமாகிவிடுகிறது. ஆகவே தொட்டதும் ஹம் தணிந்தால் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குச் செல்லும் எர்த் வயர் நலமாக உள்ளது என்றே பொருள், குறை கவசத்தில். தொட்டதும் ஹம் பெருகினால் ஜாக்கின் இரு வயர்களும் இடம் மாறியிருக்கக்கூடும். தொட்டும் மாறாமல், கிதாரோடு உடலைத் திருப்பும்போது ஏறி இறங்கினால் அது காந்தப்புல ஹம். ஐயம் இருந்தால் மல்டிமீட்டரால் பிரிட்ஜுக்கும் ஜாக்கின் வெளிமுனைக்கும் இடையே அளக்கலாம். ஓரிரு ஓமுக்குள் காட்ட வேண்டும். மீட்டர் தொடர்பே காட்டாவிட்டால் பிரிட்ஜின் அடியிலுள்ள வயரையும், வால்யூம் பாட்டின் (பொட்டென்ஷியோமீட்டரின்) முதுகில் வைத்த சாலிடரையும் பார்க்க வேண்டும். பாட்டின் உலோக உறை வெப்பத்தை விரைவில் இழுத்துக்கொள்வதால், அங்கே சாலிடர் ஒட்டியதுபோல் தோன்றினாலும் பிடிப்பில்லாமல் இருப்பது வழக்கம்.

கிதாரின் உட்குழிகளில் தாமிரத் தகடு ஒட்டினால் எல்லா ஹம்மும் நீங்கும் என்பது மற்றொரு நம்பிக்கை. எர்த்தோடு இணைத்த தகடு மின்புலத்தைத் தடுக்கும். ஆனால் 50 ஹெர்ட்ஸ் புலம் தாமிரத்தில் ஏறத்தாழ 9 மி.மீ. ஆழம்வரை ஊடுருவுவதால், மெல்லிய தகட்டால் காந்தப்புலத்தை நிறுத்த இயலாது. கிதாருக்குள்ளேயே எர்த் வளையம் உண்டாகிறது என்று எல்லா வயரையும் ஒரே புள்ளியில் சேர்ப்போரும் உண்டு. அவ்வளையத்தின் பரப்பு மிகச் சிறியது, பயனும் அதற்கேற்பவே. ஒரே கிதாரை இரண்டு ஆம்ப்ளிஃபையர்களில் இணைப்பது போன்ற சூழலில்தான் உண்மையான எர்த் வளையம் உண்டாகிறது. அதற்கு சிக்னல் வழியில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைப்பதே முறை. பிளக்கின் மூன்றாம் முள்ளை நீக்கினாலும் ஹம் அடங்கும். ஆனால் பழுது நேரும்போது கம்பியிலேயே மின்சாரம் பாயக்கூடும். ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிதார் கலைஞர் லெஸ்லி ஹார்வி 1972 மே மாதம் வேல்ஸின் ஸ்வான்சீ மேடையில் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மின்தாக்கி இறந்தார். ஆகவே ஹம்முக்காக எர்த்தைத் துண்டிக்கும் எந்த வழியையும் ஏற்க முடியாது.

எர்த்தைத் துண்டிக்காமலே ஹம்மைக் குறைக்கத் தற்போது அடுக்குச்சுருள் பிக்கப்புகளும், கம்பிக்கு எர்த் வயரே தேவைப்படாத இ.எம்.ஜி. போன்ற பேட்டரி பிக்கப்புகளும் கிடைக்கின்றன.